பின்சில்லில் நாலு துள்ளலுக்கு மேல் ஏன் நிற்க முடியவில்லை?

தெஹிவளையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நாலு மாதமாகப் பின்சில்லில் நின்று துள்ளப் பழகுகிறாராம். மூன்று, நாலு துள்ளலுக்கு மேல் போகவில்லை. பெடல் கிக் அடித்து, அதாவது பெடலைத் திடீரென்று மிதித்து, முன்னுக்குப் பாயப் பார்த்தால் முன்சில்லு தொப்பென்று நிலத்தில் விழுந்துவிடுகிறது. சைக்கிள் 26 அங்குலச் சாதாரண மவுண்டன் சைக்கிள். "எனக்குக் கையில் பலம் போதாதா, இல்லை இந்தச் சைக்கிளால் இது முடியாதா?" என்பது கேள்வி. தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். உள்ளே கேட்க நினைப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. ஜிம்முக்குப் போவதா, காசு சேர்த்து வெளியில் இருந்து ஒரு ட்ரயல்ஸ் சைக்கிள் (கால் ஊன்றாமல் கல், சுவர் போன்ற தடைகளைத் தாண்டும் விளையாட்டுக்கென்றே செய்தது) இறக்குவதா, இல்லை இதை இத்தோடு விடுவதா என்றுதானே யோசிக்கிறீர்கள்? மூன்றும் வேண்டாம். பதின்மூன்று வருடமாக வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் கடற்கரைப் பக்கத்திலும் இதைச் செய்கிறேன், எட்டுப் பத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கியும் இருக்கிறேன். அநேகமாக எல்லாரும் முதலில் நிற்கிற இடம் நாலாவது துள்ளல்தான். கைப்பலம் இல்லாததால் யாரும் அங்கே நின்றதை நான் கண்டதில்லை.

துள்ளல் எதற்கு என்பதைப் பிழையாக விளங்கிக்கொண்டால் அங்கேதான் நிற்போம். காணொளிகளில் பார்க்கும்போது ஓட்டுபவர் ஒரு தாளத்தில் டக், டக் என்று துள்ளுவது போலத் தெரியும். நாமும் தாளத்தைப் பிடிக்கப் பார்க்கிறோம். உண்மையில் அவர் ஒவ்வொரு தடவையும் விழப்போகிறார், விழப்போகும் பக்கத்துக்குச் சில்லைக் கொண்டுபோய் வைக்கிறார், அவ்வளவுதான். இந்த விளையாட்டு மோட்டார் சைக்கிள் ட்ரயல்ஸில் இருந்து பிறந்தது. கட்டலோனியாவில் 1970களின் கடைசியில் பேரே பி என்ற மோட்டார் சைக்கிள் ட்ரயல்ஸ் வீரர் தன் மகன் ஓட் பிக்காகச் சின்னச் சைக்கிளை மாற்றி அமைத்ததில் இருந்து அது வளர்ந்தது. மோட்டார் சைக்கிளோ சைக்கிளோ, விதியின் நடு ஒன்றுதான்: கால் நிலத்தில் படக்கூடாது. பட்டால் தண்டனை. கல்லின் மேல் நிற்கும்போது உடம்பு இடப்பக்கம் சரிந்தால் நாம் இடக்காலை ஊன்றுவோம். போட்டியில் ஓட்டுபவர்களால் அது முடியாது என்பதால் சில்லையே காலாக்கி இடப்பக்கம் எடுத்து வைத்தார்கள். துள்ளல் என்பது ஊன்ற முடியாத காலுக்குப் பதில். இதை மனதில் வாங்கிக்கொண்டு உங்கள் துள்ளல்களைத் திரும்பிப் பாருங்கள். நீங்கள் ஒரே இடத்தில் நேர் மேலே துள்ளி, நேர் கீழே இறங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதல் துள்ளலில் இரண்டு விரற்கடை இருந்த சரிவு இரண்டாவதில் நாலாகும், நாலாவதில் கையை மீறும்.

சரிவு எந்தப் பக்கம் என்றால் என்ன செய்வது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இடம், வலம் என்றால் அந்தப் பக்கமே துள்ளுங்கள். எதிர்ப்பக்கம் இழுப்பதுதான் மனதுக்கு வரும், அது பிழை. பின்னுக்குச் சரிந்தால் பின்னுக்கே ஒரு சின்னத் துள்ளல். முன்னுக்குச் சரிந்தால், அதாவது முன்சில்லு இறங்கத் தொடங்கினால், பிறேக்கை விட்டுப் பெடலை ஒரு சொட்டு மிதித்துச் சில்லை உங்களுக்குக் கீழே ஓட்டிக் கொண்டுவர வேண்டும். இந்த நாலாவதுதான் உங்களுக்கு வராமல் இருக்கிறது. பெடல் கிக் என்று நீங்கள் தனியாக ஒரு வித்தையாக நினைப்பது இதே அசைவைப் பெரிதாக்கியதுதான். ஆகவே இரண்டு பிரச்சினை என்று எழுதியிருந்தாலும் உங்களுக்கு இருப்பது ஒன்றே ஒன்று.

அது பிறேக் விரலில் இருக்கிறது. பழகத் தொடங்குபவர்கள் பின் பிறேக்கை இறுக்கிப் பிடித்தபடியே துள்ளுகிறார்கள். சில்லு பூட்டிய பலகை மாதிரி ஆகிவிடுகிறது. நான் பிள்ளைகளுக்கு முதலில் தருவது துள்ளலே இல்லாத ஒரு பயிற்சி. முழங்கால் உயரத்துக்கும் கீழான ஒரு சுவர் அல்லது படிக்கட்டில் முன்சில்லை ஏற்றி வையுங்கள். பின்சில்லு நிலத்தில், சீற்றில் இருக்காமல் எழும்பி நிற்க வேண்டும். கிராங் (பெடல் பூட்டிய கம்பிக் கை) இரண்டும் நிலத்துக்குச் சமாந்தரம், உங்களுக்கு வசதியான கால் முன்னுக்கு. பின் பிறேக்கை ஆட்காட்டி விரல் ஒன்றால் மட்டும் பிடியுங்கள். இப்போது இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோனால் முன்சில்லு சுவரை விட்டு நாலு விரல் எழும்பும். துள்ள வேண்டாம். அது திரும்பச் சுவருக்கு இறங்கத் தொடங்கும் கணத்தில் விரலைத் தளர்த்தி, முன்காலால் பெடலை ஒரு மணிக்கூட்டு முள் அசையும் அளவுக்கு அழுத்தி, உடனே விரலை மூடுங்கள். சரியாக வந்தால் ரயர் "சர்க்" என்று ஒரு சின்னச் சத்தம் போட்டு இரண்டு அங்குலம் முன்னுக்கு வரும், முன்சில்லு இறங்குவதை நிறுத்திவிட்டு அந்தரத்தில் நிற்கும். அந்தச் சத்தத்தைக் கேட்கும் வரை செய்யுங்கள். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். விரல் களைத்த பிறகு பழகினால் விரல் பிழையைத்தான் பழகும்.

உடம்பைப் பற்றி இரண்டு விஷயம். கையை மடித்து ஹாண்டிலை நெஞ்சுக்கு இழுக்கிறீர்கள் என்றால் அதை நிறுத்த வேண்டும். "கையில் பலம் போதாதா" என்று நீங்கள் கேட்பதிலேயே அது தெரிகிறது, கை நோகிறபடியால்தான் அந்தச் சந்தேகம் வருகிறது. கை கயிறு மாதிரி, நீட்டிப் பிடிப்பதற்கு. துள்ளல் முழங்காலிலும் இடுப்பிலும் இருந்து வருகிறது. குந்தி எழும்புவது போல முழங்கால் மடிந்து நிமிர, அந்த நிமிர்வோடு சைக்கிள் தானாக மேலே வரும். அடுத்தது பார்வை. முன்சில்லைப் பார்க்காதீர்கள், ஆறடி போல முன்னால் நிலத்தில் ஒரு புள்ளியைப் பாருங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் என்னிடம் பழகிய ஒரு பிள்ளை இந்த ஒன்றை மாற்றிய அன்றைக்கே நாலில் இருந்து பதினொன்றுக்குப் போனான்.

இனிப் பெடல் கிக். பின்சில்லில் நிற்கிறீர்கள், முன்கால் பெடல் சமாந்தரத்துக்கு ஒரு சொட்டு மேலே, பிறேக் பூட்டு. முதலில் இடுப்பை மெல்ல முன்னுக்கு விட்டு, வேண்டுமென்றே விழத் தொடங்குங்கள். இந்த விழுதல் இல்லாமல் கிக் அடித்தால் சைக்கிள் மட்டும் முன்னுக்குப் போகும், நீங்கள் பின்னால் தங்கிவிடுவீர்கள். விழத் தொடங்கியதும் விரலை விடுவதும் மிதிப்பதும் ஒரே கணத்தில் நடக்க வேண்டும். விட்டுவிட்டு மிதித்தால் இடையில் உள்ள அந்தக் கொஞ்ச நேரத்தில் முன்சில்லு இறங்கிவிடும். உங்களுக்கு நடப்பது இதுதான் என்பது என் கணிப்பு. மிதி கால்வாசிச் சுற்றுத்தான். மிதித்த வேகத்தோடு காலும் உடம்பும் நிமிர்ந்து, சில்லு நிலத்தை விட்டு எழும்பி, திரும்ப நிலத்தைத் தொடும்போது பிறேக் பூட்டியிருக்க வேண்டும். இறங்கிய பிறகு பெரும்பாலானோர் மறக்கிற ஒன்று: உங்கள் முன்கால் இப்போது கீழே இருக்கிறது. பிறேக்கைப் பிடித்தபடியே பெடலைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி சமாந்தரத்துக்குக் கொண்டுவராமல் இரண்டாவது கிக் கிடையாது. ஒரு கிக் அடித்துவிட்டு அப்படியே நின்றுபோவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கால்தான்.

சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே உங்கள் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ட்ரயல்ஸ் சைக்கிளுக்கும் சாதாரணச் சைக்கிளுக்கும் கிக்கைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் பிரீவீலின் (முன்னுக்கு மிதித்தால் சில்லை இழுத்து, பின்னுக்குச் சுற்றினால் சும்மா சுற்றும் பகுதி) பிடிப்பு. விலை குறைந்த பின் அச்சுகளில் ஒரு முழுச் சுற்றுக்கு 18 இடத்தில் பிடிக்கும், அதாவது பிடிப்புக்கும் பிடிப்புக்கும் இடையில் 20 பாகை வெறுமை. முன்னால் 22 பல்லும் பின்னால் 18 பல்லும் போட்டால் அது கிராங்கில் 16 பாகை. 170 மில்லிமீற்றர் கிராங்கில் உங்கள் பாதம் 5 சென்ரிமீற்றர் வரை காற்றை மிதித்த பிறகுதான் செயின் இழுக்கத் தொடங்கும். ட்ரயல்ஸுக்கு என்று வருபவற்றில் 72 அல்லது 108 பிடிப்பு இருக்கும், வெறுமை ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். இதைப் பார்த்துவிட்டுக் காசு சேர்க்க ஓடாதீர்கள். வழி இருக்கிறது. பிறேக் பூட்டியிருக்கும்போதே முன்கால் பெடலை மெல்ல அழுத்தி வைத்திருங்கள். செயின் இறுகும், வெறுமை முன்கூட்டியே தீர்ந்துவிடும், விரலை விட்ட கணத்தில் முழு மிதியும் சில்லுக்குப் போகும். ஒவ்வொரு முறையும் பெடலைப் பின்னுக்குச் சுற்றி எடுத்ததும் இந்த அழுத்தத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். பழகிவிட்டால் இது மூச்சு எடுப்பது போல வரும். நான் முதல் மூன்று வருடமும் அப்படி ஒரு அச்சில்தான் ஓட்டினேன்.

கியர் மிக முக்கியம். முன்னால் ஆகச் சின்னப் பல்சக்கரம், பின்னால் நடுவில் ஒன்று. 22க்கு 18 என்றால் 26 அங்குலச் சில்லில் பெடலின் கால்வாசிச் சுற்று உங்களை ஏறத்தாழ 63 சென்ரிமீற்றர் கொண்டுபோகும். 32க்கு 16 என்றால் ஒரு மீற்றருக்குக் கிட்ட வரும், ஆனால் நின்ற நிலையில் இருந்து அதைத் திடீரென்று சுற்ற உங்களால் முடியாது, கிக் சப்பென்று போகும். ரயரில் காற்றைக் குறையுங்கள். என் எடை 68 கிலோ, 2.4 அங்குல ரயருக்கு 22 பிஎஸ்ஐ வைக்கிறேன். இறங்கும்போது றிம் நிலத்தில் இடித்தால் இரண்டு கூட்டுங்கள். பிறேக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். புதுப் பிறேக் கட்டை, புதுக் கேபிள், றிம்மைத் தேய்ப்புத் தாளால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கு எடுப்பது, இவை எல்லாம் கொழும்பு டாம் வீதிச் சைக்கிள் கடைகளில் ஒரு காலை வேலை. ஒரு விரலால் பிடித்துச் சைக்கிளை முன்னுக்குத் தள்ளினால் பின்சில்லு சுற்றாமல் இழுபட வேண்டும். சுற்றினால் பழகத் தொடங்க வேண்டாம். சீற்றை முழுக்க இறக்குங்கள். சீற்றைக் கழற்றிவிட்டுக் குழாயை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்க விடாதீர்கள், பின்னால் விழும்போது அது உடம்பில் எங்கே ஏறும் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொன்று: திருகி மாட்டும் பிரீவீல் உள்ள பின் அச்சுக் கம்பி துள்ளலுக்குச் செய்ததல்ல, நாளடைவில் வளையும். கிழமைக்கு ஒருமுறை பின்சில்லைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் அச்சை மாற்றுங்கள். மூன்றடிக்கு மேலான இடத்தில் இருந்து அந்தச் சைக்கிளில் குதிக்கவே வேண்டாம்.

கடற்கரை வீதிக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இது என் உடம்பால் படித்தது. உப்புக் காற்றில் செயின் வெளியே துரு காட்டாமல் ஊசிகளுக்குள் அரித்துப்போகும். நான் பழகத் தொடங்கி நாலாவது வருடம், ஒரு போயா நாள் காலை, கிக் அடித்த கணத்தில் செயின் அறுந்தது. முழு மிதியும் வெறுமைக்குப் போனது, நான் ஹாண்டிலுக்கு மேலால் போய்க் கையை ஊன்றி விழுந்தேன். பெருவிரலின் அடியில், கையை விரித்தால் தெரியும் அந்தக் குழியில் மட்டும் நோவு. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டேன். இரண்டு கிழமைக்குப் பிறகு எடுத்ததில் அந்தச் சின்ன எலும்பில் வெடிப்புத் தெரிந்தது, பத்துக் கிழமை மாக்கட்டு. நான் வைத்தியன் இல்லை. ஆனால் அந்த எலும்பின் வெடிப்பு முதல் படத்தில் தெரியாமல் போவது உண்டு என்பதும், கவனிக்காமல் விட்டால் ஒட்டாமல் போகலாம் என்பதும் எனக்கு அப்போது வைத்தியர் விளக்கமாகச் சொன்னவை. ஆகவே கை ஊன்றி விழுந்து அந்தக் குழியில் நொந்தால், படம் சுத்தமாக இருந்தாலும் திரும்பப் போய்க் காட்டுங்கள். செயினைச் சந்தேகம் வந்த அன்றே மாற்றுங்கள். கியர் வயர் சரியாக அமராமல் செயின் பல்லுக்குப் பல் துள்ளுகிற சைக்கிளில் கிக் அடிப்பதும் இதே ஆபத்துத்தான், முழங்கால் நேரே ஹாண்டிலில் போய் அடிக்கும்.

பின்னால் விழப் பழகுவது துள்ளப் பழகுவதற்கு முந்தியது. புல்லில் பின்சில்லில் எழும்பி, வேண்டுமென்றே கூடப் பின்னுக்குச் சரிந்து, இரண்டு காலையும் பெடலில் இருந்து எடுத்துச் சைக்கிளுக்குப் பின்னால் நின்று, ஹாண்டிலைக் கையில் பிடித்தபடி நில்லுங்கள். இருபது தரம் செய்தால் பயம் போய்விடும். பயம் போகாதவர் இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோக மாட்டார், கொண்டுபோகாதவருக்குப் பின்சில்லின் சமநிலை கிடைக்காது. தலைக்கவசமும் முழங்கால் கீழ்க் காப்பும் கட்டாயம். பெடலின் முள் காலில் ஏறிய தழும்புகள் எனக்கு இப்போதும் இருக்கின்றன.

இடம் என்றால், காலை ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் ஒழுங்கையின் முடிவில் உள்ள சீமெந்துத் தரைதான் எனக்குப் பிடித்தது. சுதந்திர சதுக்கத்துப் படிகள் கண்ணை இழுக்கும், அது நினைவிடம், காவலர்கள் கலைப்பார்கள், கலைப்பது சரியும்தான். நாலு சீமெந்துக் கல்லும் ஒரு தடித்த பலகையும் இருந்தால் எந்த முற்றத்திலும் மேடை போடலாம். கல்லைப் படுக்கப் போட்டு ஒரு உயரம், நிமிர்த்திப் போட்டு இன்னொரு உயரம். மே மாத மழைக் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் றிம் நனைந்தால் பிறேக் நீங்கள் நம்பியிருக்கும் கணத்தில் வழுக்கும். அந்த நாட்களில் நின்ற இடத்தில் இரண்டு சில்லையும் நிலத்தில் வைத்துச் சமநிலை பழகுங்கள். கால் ஊன்றாமல் இரண்டு நிமிடம் அப்படி நிற்க முடியாதவருக்குப் பின்சில்லில் பத்து வராது.

இதுவரை சொன்னதில் விரல், கியர், செயின் அழுத்தம் ஆகியவற்றை நான் உறுதியாகச் சொல்வேன். மற்றச் சிலதில் ஓட்டுபவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 20 அங்குலச் சைக்கிளில் பழகுவது லேசு என்பார்கள் சிலர், 26 அங்குலம் நிதானமானது என்பார்கள் மற்றவர்கள். உலகப் போட்டிகளிலேயே இரண்டும் தனித்தனிப் பிரிவாக நடக்கின்றன. நான் 26இல் பழகியவன், ஆகவே என் மனம் அந்தப் பக்கம் சாயும். முன்னுக்கு வைக்கும் கால் வலதா இடதா என்பதற்கும் விதி இல்லை. ஓடிவந்து ஒரு வாய்க்காலைப் பாயும்போது எந்தக் காலை உந்துகிறீர்களோ அதை முன்னுக்கு வைத்துப் பாருங்கள் என்பேன், ஆனால் அதற்கு மாறாக ஓட்டும் நல்ல ஓட்டுநர்களையும் எனக்குத் தெரியும். எத்தனை நாளில் வரும் என்று கேட்டால், விரல் பயிற்சியை ஒழுங்காகச் செய்தவர்களில் என்னிடம் விரைவாகப் பழகியவருக்கு மூன்று கிழமை எடுத்தது, மெல்லப் பழகியவருக்கு எட்டு மாதம். மெல்லப் பழகியவர் இன்று என்னைவிட நன்றாகப் பாய்கிறார்.

உங்களைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால், கை மடிகிறதா, விரல் பிந்துகிறதா என்பது என் ஊகம் மட்டும்தான். உறுதியாகச் சொல்ல ஒரு காணொளி வேண்டும். போனைப் பக்கவாட்டில், பின்சில்லின் அச்சு உயரத்தில் ஒரு கல்லில் சாத்தி வைத்து, மெதுவாக ஓடும்படி எடுங்கள். பிறேக் பிடிக்கும் கை இருக்கிற பக்கத்தில் இருந்து எடுக்க வேண்டும். முகம் தெரியத் தேவையில்லை, பின்சில்லும் ஆட்காட்டி விரலும் ஒரே சட்டத்துக்குள் வந்தால் போதும். போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.